தப்பா அடி

எதிர்வீட்டில் சத்தம் கேட்டால் நான் கண்டுகொள்வதில்லை. சத்தம் நின்றுபோனால்தான் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அன்று மதியம் அப்படித்தான் நின்றது.

நான் பை தைப்பவள். புதுப்பை இல்லை. அறுந்த வார், பல் போன ஜிப், ஓட்டை விழுந்த அடிப்பாகம் என்று தெருவில் உள்ளவர்கள் தூக்கிக்கொண்டு வரும் பழைய பைகள். முன்னறையில் கனத்த மெஷின் ஒன்று, அதைச் சுற்றிக் குட்டிபோட்டது மாதிரி பைகள். மெஷின் ஓடினால் அறை வெந்துபோகும் என்பதால் வாசல்கதவைத் திறந்தே வைத்திருப்பேன். எதிர்வீட்டுக்காரர்களும் காற்றுக்காகத் திறந்துதான் வைத்திருப்பார்கள். நடுவில் ஒரு ஆள் போகிற அகலத்துக்கு நடை. அந்த வீட்டில் தும்மினாலும் எனக்குத் தெரியும். நான் ஒட்டுக்கேட்கிறேன் என்று கீழ்வீட்டுக்காரி சொல்லித் திரிகிறாளாம். காதைக் கழற்றி வைத்துவிட்டுத் தைக்க முடியுமா? அவளே வந்து தைத்துக் காட்டட்டும்.

எதிர்வீட்டில் மூன்று பேர். லிஃப்ட் பழுது பார்ப்பவர், அவர் மனைவி, அவர் தங்கை. லிஃப்ட்காரர் காலையில் கிரீஸ் கறையோடு போய் மாலையில் இன்னும் கொஞ்சம் கிரீஸோடு வருவார். பேச்சு குறைவு. தங்கை ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. விடிவதற்கு முன் போய் மதியம் திரும்பி, முழங்கை வரைக்கும் மாவோடு அப்படியே படுத்துத் தூங்கிவிடுவாள். மனைவிக்கு எங்கள் கட்டடத்தில் கமா என்று பெயர்.

அந்தப் பெயர் வந்தது மாடிப்படி அறிவிப்பால். 'குப்பையை இங்கே கொட்டாதீர்கள் மீறினால் நடவடிக்கை' என்று யாரோ ஒட்டியிருந்த தாளில், இவள் பேனாவை எடுத்து ஒரு கமா போட்டாள். மறுநாள் அது சரியில்லை என்று அடித்துவிட்டு முற்றுப்புள்ளி வைத்தாள். அச்சகம் ஒன்றில் பல வருஷம் பிழை திருத்திக்கொண்டிருந்தவள். அச்சகத்தை மூடிவிட்டார்கள். திருத்தத் தாள் இல்லாமல் போனதும் கண்ணில் பட்டதையெல்லாம் திருத்தத் தொடங்கினாள். என் பலகையில் 'பைகள் தைக்கபடும்' என்று இருந்தது. "ஒரு 'ப்' குறையுதுக்கா" என்று தானே பெயின்ட் வாங்கி வந்து நடுவில் நெருக்கிச் செருகினாள். அந்த 'ப்' வந்த பிறகு ஒரு பை கூடுதலாக வந்ததா என்றால், இல்லை.

அன்று அவளுக்குப் பரீட்சை. சினிமாவில் பேசுவதைக் காது கேட்காதவர்கள் படிப்பதற்காகத் திரையின் அடியில் எழுத்தாகப் போடுகிறார்களே, அந்த வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். மூன்று மணிக்கு லேப்டாப்பில் உள்ளே போக வேண்டும், ஓடுகிற பேச்சைக் கேட்டு அடிக்க வேண்டும். தவறவிட்டால் மறுபடி அடுத்த வருஷம்தான் ஆள் எடுப்பார்களாம். ஒரு மாதமாக அவள் பழகிய சத்தத்தில்தான் நான் தைத்துக்கொண்டிருந்தேன். அவள் லேப்டாப்பின் எழுத்துக் கட்டைகளை அடிக்கிற சத்தமும் என் மெஷின் சத்தமும் சண்டை போடாமல் ஒன்றாக ஓடப் பழகியிருந்தன.

அது நின்றது. பிறகு 'டொய்ங்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி 'டொய்ங்'. நான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

சாப்பாட்டு மேஜையில் லேப்டாப். அதன் முன்னால் கமா, தலை வாரி, நல்ல உடுப்பு உடுத்தி, முகம் மட்டும் பிழிந்த துணி மாதிரி.

"என்னம்மா, தூக்கம் வருதா உன் மெஷினுக்கு?"

"அக்கா, வைஃபை பிடிக்க மாட்டேங்குது. போன் ரெண்டுலயும் பிடிக்குது. இதுல மட்டும் இல்ல."

"மூடித் திறந்து பாத்தியா?"

"மூணு தடவை பாத்தாச்சு."

"அந்த வைஃபை டப்பா எங்க இருக்கு?"

டப்பா ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. பச்சை விளக்குகள் கண் சிமிட்டின. பக்கத்தில் கொண்டு போனால் ஒருவேளை பிடிக்கும் என்று எனக்குத் தோன்றியது. லேப்டாப்பை இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போய் ஃபிரிட்ஜுக்கு நேராக ஏந்திக்கொண்டு நின்றோம். 'டொய்ங்.' டப்பாவின் மேல் தூசி அப்பியிருந்தது. என் முந்தானையால் துடைத்துவிட்டேன். 'டொய்ங்.'

"என்ன சொல்லுது அது?"

"பாஸ்வேர்டு சரியில்லைன்னு சொல்லுது. போன வாரம் வரைக்கும் இதே பாஸ்வேர்டுலதானே ஏறுச்சு? ஒரு எழுத்து மாத்தி அடிச்சிருந்தாகூடப் பரவால்ல. நான் எழுத்து மாத்தி அடிப்பேனா?"

அது உண்மைதான். அவள் விரல் தூக்கத்தில்கூடப் பிழை செய்யாது.

எங்கள் பேச்சில் தங்கை எழுந்து வந்தாள். புருவத்தில் மாவு. கண்ணைக் கசக்கிக்கொண்டே, "அண்ணி, அண்ணன் ஞாயித்துக்கிழமை பாஸ்வேர்டு மாத்தினாரே. மறந்துட்டீங்களா?" என்றாள்.

கமா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்கவில்லை. அன்று லிஃப்ட்காரரின் மேலதிகாரி வீட்டுக்கு வந்திருந்தார். அதிசயமாக லிஃப்ட்காரர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு பெரிய கட்டடத்தில், லிஃப்டுக்கு அடியில் இருக்கிற குழிக்குள் மழைத்தண்ணீர் இறங்கிவிட்ட கதை. அவர் நாக்குக்கு ழகரம் ஏறாது. "மளைத் தண்ணி மொத்தமும் குளிக்குள்ள எறங்கிடுச்சு சார்" என்றார். "மழை. குழி" என்றாள் கமா, தேநீர்த் தட்டோடு வந்தபடியே. "குளின்னா குளிக்கிறது." வந்தவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. யார் சட்டையிலாவது நூல் தொங்கினால் நான் பிடுங்கிவிடுவேன், அது மாதிரிதான். ஆனால் லிஃப்ட்காரர் கதையை அங்கேயே விட்டுவிட்டார். தண்ணீரை யார் இறைத்தார்கள், லிஃப்டுக்குள் யாராவது மாட்டினார்களா, ஒன்றும் தெரியாது. எனக்கு இன்றுவரை அது அரிப்பாக இருக்கிறது.

மேலதிகாரி போனதும் அவர் டப்பாவைக் கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேல்மாடிக்காரர்கள் இவர்கள் வைஃபையை உறிஞ்சுகிறார்கள், படம் நின்று நின்று வருகிறது என்று தங்கை ரொம்ப நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தாள். பாஸ்வேர்டை மாற்றினார். இரண்டு போனையும் வாங்கித் தானே புதியதை அடித்துத் திருப்பிக் கொடுத்தார். என்ன வார்த்தை என்று அவர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. லேப்டாப் அலமாரிக்குள் கிடந்தது, யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பயிற்சிக்கான பேச்சுகளையெல்லாம் அவள் முன்பே இறக்கி வைத்திருந்ததால் வாரம் முழுக்க அதற்கு வைஃபை தேவையும் படவில்லை. அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் அவர் பேசியது 'ம்' ஒன்றுதான்.

"போன்லயே பாஸ்வேர்டு இருக்கும் அண்ணி, பாக்கலாம்" என்று தங்கை தன் போனைக் குடைந்தாள். வார்த்தை வரவில்லை. கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரக் கட்டம் ஒன்று வந்தது. அதை இன்னொரு போனால் படிக்க வேண்டுமாம். கமாவின் போனை அதன் மேல் பிடித்தாள். 'ஏற்கெனவே இணைந்திருக்கிறது' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது. லேப்டாப்பின் கண்ணுக்கு முன்னால் காட்டினோம். அது எங்கள் மூன்று பேர் முகத்தையும் காட்டியது.

"போன்ல இருக்கிற நெட்டையே லேப்டாப்புக்குக் குடுக்கலாமே?" என்றாள் கமா.

தங்கை அதையும் செய்தாள். ஆனால் எங்கள் கட்டடத்தில் சிக்னல் என்பது விருந்தாளி மாதிரி. ஜன்னல் கம்பியில் போனைக் கட்டி வைத்தாலும் ஒரு கோடு வரும், போகும். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்ததில் அந்த ஒரு கோடும் போனது.

"டப்பாக்குப் பின்னால ஒரு ஊசி ஓட்டை இருக்கு பாரு" என்றேன். "அதைக் குத்தினா எல்லாம் பழைய மாதிரி ஆகிடும்னு மேல்மாடிக்காரன் ஒரு நாள் சொன்னான். என்கிட்ட ஊக்கு இருக்கு."

"ஐயோ அக்கா, குத்திடாதீங்க! அப்புறம் கம்பெனிக்காரன் வந்து மறுபடி முதல்லேர்ந்து போட்டாத்தான் உண்டு. இருக்கிறதும் போயிடும்" என்று கமா பதறினாள்.

நான் ஊக்கை மறுபடி முந்தானையில் குத்திக்கொண்டேன். எனக்கு அந்த ஓட்டையைக் குத்திப் பார்க்க ரொம்ப ஆசையாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

"அண்ணனையே கேளுங்களேன்" என்றாள் தங்கை.

கமா போனை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். ஒரு வாரமாகப் பேசாத புருஷனை உதவிக்குக் கூப்பிடுவது எந்தப் பெண்ணுக்கும் தொண்டையில் முள்தான். கூப்பிட்டாள். மணி அடிக்கவில்லை. லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நின்று வேலை செய்கிறவர். மேலே, திறந்த இடத்துக்கு வந்தால்தான் அவர் போனுக்கு உயிர் வரும்.

"எழுதி அனுப்புங்க. மேல வந்தா பாப்பாரு."

'வைஃபை பாஸ்வேர்டு என்ன? பரீட்சைக்கு வேண்டும். அவசரம்' என்று அனுப்பினாள். கேள்விக்குறி, முற்றுப்புள்ளி எல்லாம் அதனதன் இடத்தில்.

காத்திருந்தோம். தங்கை அடுப்பில் தண்ணீர் வைத்தாள். தொழிற்சாலையிலிருந்து அவள் கொண்டுவரும் ரொட்டி ஓரங்களை வெண்ணெய் தடவி வாட்டினாள். ஓரங்களைத் தொழிற்சாலையில் கழித்துவிடுவார்கள், எனக்கோ ரொட்டியில் பிடித்ததே அந்த ஓரம்தான். கமா தொடவில்லை. நான் இரண்டு பேர் பங்கையும் சாப்பிட்டேன். பதற்றம் வந்தால் எனக்குப் பசிக்கும்.

போன் துடித்தது. மூன்று தலைகளும் மோதிக்கொண்டன.

லிஃப்ட்காரர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அனுப்புவார். புள்ளி கிடையாது, கமா கிடையாது, எல்லாம் ஒரே ஓட்டம். வந்திருந்தது ஒரே ஒரு வார்த்தை. கமா படித்தாள்.

"'தப்பா?'ன்னு கேக்கறாரு."

"எது தப்பா?"

"பழைய பாஸ்வேர்டு தப்பான்னு கேக்கறாரு போல." அவள் அவசரமாக அடித்தாள். 'ஆமாம், தப்பு என்று வருகிறது. சரியானது என்ன?'

இந்த முறை பதில் உடனே வந்தது. "'அதான் தப்பா?'" என்று படித்தாள் அவள். "ஆமாங்க, அதான் தப்பு! அதைத்தானே நானும் சொல்றேன்!" போனைப் பார்த்துக் கத்தினாள், அவருக்குக் கேட்கிற மாதிரி. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். 'விளையாடாதீர்கள். மூன்று மணிக்குப் பரீட்சை. நான் என்ன அடிக்க வேண்டும்?'

மூன்றாவது பதில் வந்தது. அவள் படிக்கவில்லை. போனை மேஜையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான்தான் தங்கையின் விலாவில் இடித்தேன். அவள் எடுத்துப் படித்தாள்.

"'தப்பா அடி.'"

எனக்கே சுருக்கென்றது.

"பாத்தீங்களாக்கா?" கமாவின் குரல் உடைந்தது. "தப்பா அடிக்கணுமாம் நான். 'நீதான் எப்பவும் சரியாச் சொல்றவளாச்சே, இன்னிக்குத் தப்பா அடிச்சுப் பாரு'ன்னு குத்திக் காட்டறாரு. ஒரு வாரமா மனசுல வெச்சிருந்து, இன்னிக்குன்னு பாத்துச் சொல்றாரு. இந்தப் பரீட்சை எனக்கு எவ்வளவு முக்கியம்னு அவருக்குத் தெரியாதா? அச்சகம் மூடினதுலேர்ந்து இந்த வீட்டுல நான் எதுக்கு இருக்கேன்னே எனக்குத் தெரியலக்கா. அதுவும் அவருக்குத் தெரியும்."

அழுதாள். அந்த மனுஷனை நான் எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறேன், வம்பு பேசுகிறவர் இல்லை. ஆனால் பேசாத ஆளின் மனசுக்குள் என்ன ஊறிக்கொண்டிருக்கும் என்று யார் கண்டது? எனக்கே அவர் மேல் எரிச்சல் வந்தது. வரட்டும், வாசலிலேயே நிறுத்தி நாலு வார்த்தை கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அவரை மறுபடி கூப்பிட்டுப் பார்த்தோம். மணி அடிக்கவில்லை. கூண்டோடு கீழே இறங்கியிருப்பார்.

மழை பிடித்துக்கொண்டது. தங்கை ஓடிப்போய்க் கொடியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு வந்தாள். அள்ளிய துணியோடு நடுவீட்டில் நின்று, "இல்ல அண்ணி" என்றாள்.

"என்ன இல்ல?"

"அண்ணன் குத்திக் காட்டற ஆள் இல்ல. அவரைப் புகழ்ந்து சொல்லல நான். அவருக்கு அது வராது. சின்ன வயசுல நான் அவர் சைக்கிளை உடைச்சப்போ, 'நல்லா ஓட்டினே'ன்னு குத்தலா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் செத்திருப்பேன். அதுகூடச் சொல்லத் தெரியல. 'செயின் அறுந்திருக்கு'ன்னாரு. உள்ளதைத்தான் சொல்வாரு, இல்லைன்னா வாயை மூடிக்குவாரு. தப்பா அடின்னு சொன்னாருன்னா, தப்பா அடிங்க."

"எந்தத் தப்பை?" என்றேன் நான். "சரின்னா ஒண்ணுதான் இருக்கும். தப்புல ஆயிரம் இருக்கே!"

கமா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். மூன்று செய்திகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. அச்சகத்தில் அவள் தாள் பார்ப்பதை நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன். ஒரு எழுத்தின் மேல் விரலை வைத்து, மூச்சைக்கூட விடாமல். இப்போது அப்படிப் பார்த்தாள்.

"அவர் போன்ல கேள்விக்குறி எங்க இருக்குன்னே அவருக்குத் தெரியாது" என்றாள் மெதுவாக.

"சரி, அதுக்கு?"

"முதல் செய்தியைப் படிச்சப்போ நான் 'தப்பா?'ன்னு படிச்சேன். கேள்வி மாதிரி இழுத்துப் படிச்சேன். அவர் போடலக்கா. நானாப் போட்டுக்கிட்டேன். விட்டுப்போன குறியை நான் பாட்டுக்குப் போட்டுப் படிக்கிறதுதானே என் வேலையே." அவள் விரல் திரையில் நகர்ந்தது. "நான் பாஸ்வேர்டு என்னன்னு கேட்டேன். அவர் என்னைக் கேள்வி கேக்கல. பதில் சொல்லியிருக்காரு. தப்பா. சரியானது என்னன்னு கேட்டேன். அதான், தப்பா. என்ன அடிக்கணும்னு கேட்டேன்..."

"'தப்பா' அடி!" என்று தங்கை துணியையெல்லாம் கீழே போட்டுவிட்டுக் கத்தினாள்.

எனக்கு ஒரு நொடி தாமதமாகத்தான் புரிந்தது. புரிந்ததும் நான் சிரித்த சிரிப்பில் ரொட்டித் துண்டு புரையேறிவிட்டது. கமா சிரிக்கவில்லை. அவர் அனுப்பியிருந்தபடியே, டி, எச், ஏ, பி, பி, ஏ என்று ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். புள்ளிபுள்ளியாக விழுந்தது. நான் அவள் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். 'டொய்ங்' வரவில்லை. மூலையில் விசிறி மாதிரி இருக்கிற அந்தக் குறி ஒவ்வொரு கோடாக நிறைந்தது.

மணி மூன்று தாண்டியிருந்தது. கொஞ்சம் தாமதமானாலும் உள்ளே விடுவார்களாம், ஆனால் ரொம்ப நேரம் விடமாட்டார்களாம். "வெளிய போங்க, வெளிய போங்க, ஆள் யாரும் இருக்கக் கூடாது" என்று எங்களைத் தள்ளிக் கதவைச் சாத்தினாள். சாத்துவதற்கு முன் ஒரு தடவை என்னைப் பார்த்தாள். சந்தோஷமான முகமாக அது இல்லை.

"ஏன்க்கா அந்த வார்த்தையை வெச்சாரு?" என்றாள். பதிலுக்கு நிற்கவில்லை.

நானும் தங்கையும் நடையில் இரண்டு பக்கச் சுவரிலும் சாய்ந்து உட்கார்ந்தோம். நான் அன்று மெஷினைத் தொடவில்லை. மறுநாள் காலையில் ஒரு பயணப் பை கொடுக்க வேண்டியிருந்தது, போகட்டும். கீழிருந்து யாரோ ஏலம் போடுகிற குரலில் பேசிக்கொண்டே ஏறி வந்தார்கள். தங்கை எழுந்து படியை மறித்துக்கொண்டு உதட்டில் விரல் வைத்தாள். அவர்கள் ஏதோ சாவு வீடு என்று நினைத்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்கள். உள்ளே கட்டைகளின் சத்தம் மழைச் சத்தத்தோடு கேட்டது. தடங்கல் இல்லாமல் ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன்.

"ஏண்டி, உங்கண்ணன் ஏன் அப்படி ஒரு வார்த்தையை வெச்சாரு?"

"அதான் எனக்கும் புரியல அக்கா. ஞாயித்துக்கிழமை அந்த சார் முன்னால அண்ணி சொன்னாங்கல்ல, மழை குழின்னு. அன்னிக்குத்தான் மாத்தினாரு."

"அப்போ மனசுல இருந்திருக்கு."

"இருந்திருக்கும்" என்றாள் அவள் சுரத்தில்லாமல். "'நான் பேசினா தப்பா'ன்னு நினைச்சிருப்பாரோ என்னவோ."

ஒரு மனுஷன் தன் வீட்டு டப்பாவுக்குள் தன் மனக்குறையை ஒரு வார்த்தையாகப் போட்டுப் பூட்டி வைப்பானா? வைத்தாலும் வைப்பான். சொல்ல வாய் வராதவர்கள் எதை எங்கே வைப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

கதவு திறந்தபோது மழை விட்டிருந்தது. கமா வெளியே வந்து எங்களோடு தரையில் உட்கார்ந்து, ஆறிப்போன தேநீரை ஒரே மடக்காகக் குடித்தாள். நன்றாக எழுதியதாகத்தான் சொன்னாள். ஒரு இடத்தில் ஒரு கிழவர் வாய்க்குள்ளேயே பேசினாராம், மூன்று முறை கேட்டு எழுதினாளாம். சொல்லும்போதே கவனம் எங்கோ போய்விட்டது.

அன்று சாயங்காலமே முடிவு வந்துவிட்டது. வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். கூடவே ஒரு குறிப்பு. அதை அவள் படித்துக் காட்டினாள்: "'சில இடங்களில் பேசுபவரின் கொச்சையைத் திருத்தி எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்குப் பேசியது பேசியபடியே வேண்டும்.' திருத்தினதுக்கு மார்க் குறைச்சிருக்காங்கக்கா."

நான் கையைத் தட்டிச் சிரித்தேன். தங்கை அவளைக் கட்டிக்கொண்டு கன்னத்திலெல்லாம் மாவு பூசினாள். கமாவும் சிரித்தாள், ஆனால் வேலை கிடைத்தவள் சிரிப்பாக அது இல்லை. படிக்கட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லிஃப்ட்காரர் நனைந்து வந்தார். எங்கள் மூன்று பேரையும் நடையில் கண்டதும் ஒரு படி கீழேயே நின்றுவிட்டார்.

"பரீட்சை என்னாச்சு?"

ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

"வேலை குடுத்துட்டாங்க" என்றாள் கமா.

அவர் முகம் மலர்ந்தது. வேண்டுமென்று மலர்த்தியது இல்லை, அதெல்லாம் அவருக்குத் தெரியாது. "நல்லது, நல்லது" என்று இரண்டு முறை சொன்னார். பிறகு, "எனக்கு ரெண்டாவது செய்தி அனுப்பினப்பவே கவலையாயிடுச்சு. நான் சொல்லிக்கிட்டே இருக்கேன், நீ தப்பு தப்புன்னே எழுதறே. அப்புறம் சிக்னல் போயிடுச்சு. கூண்டைப் பாதியில விட்டுட்டு வர முடியல" என்றார்.

நான் கேட்க நினைத்த நாலு வார்த்தையும் நாக்கு நுனியில் வந்து நின்றன. அதற்குள் தங்கை முந்திக்கொண்டாள்.

"ஏண்ணா, உலகத்துல வேற வார்த்தையே இல்லையா? போயும் போயும் 'தப்பா'ன்னு வெப்பியா?"

"தப்பாவா?" அவர் விழித்தார். "எது தப்பா?"

"பாஸ்வேர்டு!"

"தப்பா இல்லடி, தாப்பா! கதவுக்குப் போடற தாப்பா. மேல இருக்கிறவங்க வராம இருக்கத்தானே போட்டேன்? தாப்பா."

ஆங்கில எழுத்தில் எழுதினால் 'த'வும் 'தா'வும் ஒரே மாதிரிதான் கிடக்கும். மத்தியானம் முழுக்க மூன்று பேர் மண்டையை உடைத்துக்கொண்டதும், ஒருத்தி அழுததும், நானும் தங்கையும் சுவரில் சாய்ந்து அவர் மனசுக்குள் இல்லாத முள்ளையெல்லாம் தேடி எடுத்ததும், ஒரு துணைக்காலால் வந்த வினை. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கமாவைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

"தாழ்ப்பாளா?" என்றாள் அவள். வாய் தவறித்தான் வந்தது. வந்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதான்" என்றார் அவர். ஈரத் தலையைத் தேய்த்துக்கொண்டார். "நீ சொல்ற மாதிரி சரியாத்தான் வெக்கணும்னு முதல்ல பாத்தேன். நடுவுல வர்ற அந்த எழுத்தை இங்கிலீஷ்ல எப்படிப் போடறதுன்னு தெரியல. நாலஞ்சு விதமா அடிச்சுப் பாத்தேன். உன்னைக் கேக்கலாம்னு சமையலறை வரைக்கும் வந்தேன்."

"வந்தீங்களா? எப்போ? நீங்க கேக்கவே இல்லையே."

"சிரிப்பியோன்னு இருந்துச்சு" என்றார். "திரும்பிப் போய் எனக்கு வர்ற மாதிரி போட்டுட்டேன்."

அதைக் குறையாகச் சொல்லவில்லை, செயின் அறுந்திருக்கு என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். கமாவின் கண் நிறைந்து வழிந்தது. நான் குனிந்து தேநீர்க் கோப்பைகளைப் பொறுக்கத் தொடங்கினேன், வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ஃபிரிட்ஜ் மேலிருந்து டப்பாவை இறக்கி மேஜையில் வைத்தார். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, "உக்காரு" என்றார் மனைவியிடம். "சரியா எப்படின்னு நீ ஒவ்வொரு எழுத்தாச் சொல்லு. மாத்திடறேன்."

அவள் உட்காரவில்லை. டப்பாவை அவர் கையிலிருந்து வாங்கி, எட்டி, அது இருந்த இடத்திலேயே மறுபடி வைத்தாள்.

"வேண்டாங்க" என்றாள். "தப்பாவே இருக்கட்டும்."